மாசமா இருக்கறப்ப புரோபயாட்டிக்: குறைப்பிரசவத்தை தடுக்குமா, வாங்கறதுன்னா எதைப் பாத்து வாங்கறது

முதல்லயே சொல்லிடறேன், குறைப்பிரசவம் ஆகக்கூடாதுன்னு மட்டும் நெனச்சு புரோபயாட்டிக் கேப்சூல் (உடம்புக்கு நல்லது பண்ணும்னு விக்கற உயிருள்ள பாக்டீரியா, ஈஸ்ட் மாதிரி நுண்ணுயிருங்க) வாங்கப் போறீங்கன்னா அந்தக் காசை பத்திரமா வச்சுக்கங்க. வேற காரணத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தா அது வேற விஷயம், அதை நிறுத்தச் சொல்லல. தயிர் மோருக்கும் யாரும் தடை போடல, தாராளமா சாப்பிடுங்க. ஆனா "இதை எடுத்துக்கோ, பத்து மாசமும் முழுசா நிக்கும்"னு மெடிக்கல் ஷாப்லயோ ஃபேமிலி குரூப்லயோ யாராவது சொன்னா, அதுக்கு நல்ல ஆதாரம் இல்ல. ஏன் இல்ல, வாங்கியே ஆகணும்னா டப்பாவுல என்ன பாக்கணும், யாரு தொடவே கூடாது, குறைப்பிரசவத்தை நெஜமாவே குறைக்கறதுக்கு செக்கப்ல என்ன கேக்கணும், எந்த வலிக்கு வீட்ல உக்காந்து சீரகத் தண்ணி குடிச்சிட்டு இருக்கக்கூடாது, இதைத்தான் எழுதப் போறேன்.

குறைப்பிரசவம்னா 37 வாரம் முடியறதுக்கு முன்னாடி குழந்தை பொறக்கறது. வாரக் கணக்கு கடைசியா பீரியட்ஸ் வந்த முதல் நாள்ல இருந்து ஆரம்பிக்கும், நாள் தள்ளிப் போன தேதியில இருந்து இல்ல, இதுல நிறைய பேர் குழம்பிப் போறாங்க. 2020ல உலகம் முழுக்க கிட்டத்தட்ட 1 கோடியே 34 லட்சம் குழந்தைங்க இப்படி பொறந்திருக்காங்க, அதுல 30 லட்சம் நம்ம இந்தியாவுல மட்டும். அதனால இந்த பயம் யாருக்கும் தேவையில்லாத பயம்னு சொல்ல மாட்டேன். (ஏழாம் மாசம் பொறந்தா பொழைக்கும், எட்டாம் மாசம் பொறந்தா பொழைக்காதுன்னு பாட்டிங்க சொல்றது சுத்தமா தப்பு. வயித்துல ஒவ்வொரு வாரம் கூட இருக்க இருக்க குழந்தைக்கு நல்லதுதான், எட்டு எப்பவும் ஏழை விட மேல்.)

இந்த ஐடியா எங்க இருந்து வந்துச்சு

காரணம் இல்லாம வரல. நல்லா இருக்கற பெண்ணுறுப்புல லாக்டோபாசிலஸ்ங்கற பாக்டீரியா கூட்டம்தான் பெரும்பாலும் ஆட்சி பண்ணும், அது லாக்டிக் ஆசிட் சுரந்து அந்த இடத்தை புளிப்பா வச்சிருக்கும், அந்தப் புளிப்புல கெட்ட கிருமி வளர முடியாது. இந்தக் கூட்டம் குறைஞ்சு வேற கிருமிங்க பெருகினா அதுக்கு பாக்டீரியல் வஜைனோசிஸ்னு பேரு, சாம்பல் கலர்ல தண்ணியா வெள்ளைப்படும், மீன் வாடை மாதிரி அடிக்கும், சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது. இது இருக்கறவங்களுக்கு குறைப்பிரசவம் கொஞ்சம் அதிகமா ஆகுதுங்கறது பல வருஷமா தெரிஞ்ச விஷயம். கிருமி கீழ இருந்து கர்ப்பப்பை வாய் வழியா மேல ஏறி, பனிக்குடத்து சவ்வுல வீக்கத்தை உண்டாக்கி, அந்த வீக்கத்துல சுரக்கற கெமிக்கல் கர்ப்பப்பையை சுருங்க வச்சு வலியைக் கிளப்பிடுது. ரொம்ப சீக்கிரமே, அதாவது 28 வாரத்துக்கெல்லாம் முன்னாடி ஆகற பிரசவத்துல இந்த மாதிரி இன்ஃபெக்‌ஷனோட பங்கு பெருசு.

சரி, நல்ல பாக்டீரியா குறைஞ்சா பிரச்சனைன்னா நல்ல பாக்டீரியாவை உள்ள அனுப்பிட்டா போச்சுன்னு தோணும்ல, அங்கதான் புரோபயாட்டிக் வருது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க வாயில போடற கேப்சூல் போறது குடலுக்கு, நமக்கு வேலை ஆக வேண்டிய இடம் வேற. வாசல்ல தூவின விதை கொல்லையில முளைக்குமாங்கற கதைதான். இதை சும்மா சொல்லல, இங்கிலாந்துல 300 பேருக்கு மேல கர்ப்பிணிங்களை வச்சு ஒரு ட்ரையல் பண்ணி 2020ல ரிசல்ட் போட்டாங்க, ஆரம்ப மாசத்துலயே லாக்டோபாசிலஸ் கேப்சூல் ஒரு குரூப்புக்கும் டம்மி கேப்சூல் இன்னொரு குரூப்புக்கும் கொடுத்து பெண்ணுறுப்புல இருக்கற பாக்டீரியாவை டெஸ்ட் பண்ணினா ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்ல. ஜெர்மனியில 2016ல வந்த ஒரு ட்ரையலும் இதேதான் சொல்லுச்சு. அங்க போய்ச் சேரவே இல்லன்னா அப்புறம் எப்படி தடுக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. பாக்டீரியல் வஜைனோசிஸை மருந்து கொடுத்து சரி பண்ணினாலே குறைப்பிரசவம் குறையணும்ல? ஃப்ரான்ஸ்ல அதையும் பாத்துட்டாங்க, 84,000 பேருக்கு மேல டெஸ்ட் பண்ணி, அது இருந்தவங்கள்ல ரிஸ்க் கம்மியா இருந்த 2,869 பேரை எடுத்து மூணுல ரெண்டு பங்கு பேருக்கு கிளிண்டாமைசின் ஆன்டிபயாடிக், மீதி ஒரு பங்கு பேருக்கு டம்மி மாத்திரை. 2018ல வந்த முடிவுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் அப்படி இப்படித்தான் சீக்கிரப் பிரசவமோ தாமதமான கருச்சிதைவோ ஆகியிருந்துச்சு. ஆக கெட்ட பாக்டீரியாவும் குறைப்பிரசவமும் சேந்து வருதுங்கறது நெசம், ஆனா ஒண்ணை விரட்டினா இன்னொண்ணு ஓடிடும்ங்கறது நடக்கல. இதுக்காக வாடை, அரிப்பு, வெள்ளைப்படுதல் இருந்தா சும்மா விட்டுடாதீங்க, தொந்தரவு இருந்தா ட்ரீட்மென்ட் வேணும், அதை டாக்டர்கிட்ட வெக்கப்படாம சொல்லணும்.

நார்வே கதை

புரோபயாட்டிக் நல்லதுன்னு சொல்றவங்க எல்லாரும் கடைசியில கை காட்டறது நார்வேயைத்தான். அந்த ஊர்ல ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிரசவத்தை பல வருஷமா பதிவு பண்ணி வச்சிருக்காங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு பெரிய ஃபார்ம் கொடுத்து கேட்டு வச்சிருக்காங்க. அங்க பயோலா, குல்ட்டூரான்னு கடையில புரோபயாட்டிக் பால் கிடைக்கும். 2018ல சுமார் 70,000 பேரோட கணக்கைப் பாத்தப்ப, ஆரம்ப மாசங்கள்ல அந்தப் பாலைக் குடிச்சவங்களுக்கு குறைப்பிரசவ வாய்ப்பு அஞ்சுல ஒரு பங்கு கம்மி, பின் மாசங்கள்ல குடிச்சவங்களுக்கு ப்ரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்துல வர பிபி பிரச்சனை, அதே அளவு கம்மின்னு வந்துச்சு.

இந்த ஒரு ரிசல்ட்டை வச்சு எத்தனை விளம்பரம் வந்திருக்கும்னு நீங்களே யோசிங்க. ஆனா அது ட்ரையல் இல்ல, யாரையும் குடிக்கச் சொல்லல, தானா குடிச்சவங்களையும் குடிக்காதவங்களையும் ஒப்பிட்டுப் பாத்தது. உடம்பைப் பாத்துக்கணும்னு தேடித் தேடி இந்த மாதிரி பால் வாங்கிக் குடிக்கிறவங்க சிகரெட் பிடிக்காதவங்களாவும் நல்லா சாப்பிடறவங்களாவும் இருக்க சான்ஸ் அதிகம், கணக்குல எவ்வளவு சரிக்கட்டினாலும் அது முழுசா போகாது. சரி, சீட்டுக் குலுக்கி போட்டு கொடுத்துப் பாத்த ட்ரையல் எல்லாம் என்ன சொல்லுதுன்னா, 2018லயே கனடாக்காரங்க 27 ஆய்வை ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, 34 வாரத்துக்கு முன்னாடி பிரசவமானாலும் சரி, 37க்கு முன்னாடி ஆனாலும் சரி, புரோபயாட்டிக் எடுத்தவங்களுக்கும் எடுக்காதவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இதுல பல ட்ரையல் குறைப்பிரசவத்தைப் பாக்கறதுக்குன்னே பண்ணினது இல்லங்கறதால கதவு மொத்தமா மூடிடுச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா இப்போதைக்கு இதை நம்பி காசு போட எதுவும் இல்ல.

எனக்கு பெரிய விஷயமா படறது பிபி

"பலன் இல்லன்னா என்ன, கெடுதல் இல்லல்ல, எடுத்துட்டுப் போறேன்"னு நெனப்பீங்க. இங்கதான் கொஞ்சம் நிக்கணும். கர்ப்பகால சர்க்கரையைத் தடுக்கறதுக்கு புரோபயாட்டிக் உதவுமான்னு 2021ல காக்ரேன்காரங்க, மருத்துவ ஆய்வுகளைச் சேத்து அலசற குழு அது, 7 ட்ரையலை எடுத்து பாத்தாங்க. சர்க்கரைக்கு தெளிவா ஒரு பலனும் தெரியல. ஆனா எதிர்பார்க்காத ஒண்ணு தெரிஞ்சுது, பிபி கணக்கு இருந்த 4 ட்ரையல்ல, மொத்தம் 955 பேர், புரோபயாட்டிக் எடுத்தவங்களுக்கு ப்ரீஎக்லாம்ப்சியா ரிஸ்க் 1.85 மடங்கு. நார்வே கதைக்கு நேர் எதிர். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல உடம்பு எடை அதிகமா இருந்த 411 கர்ப்பிணிங்களை வச்சு பண்ணின ட்ரையலும் இதுக்குள்ள வருது, அதுல சர்க்கரையே டம்மி குரூப்புல 12.3 சதவீதம், புரோபயாட்டிக் குரூப்புல 18.4 சதவீதம்.

இதை வச்சு புரோபயாட்டிக் விஷம்னு கத்த வேண்டியதில்ல. அந்த ட்ரையல்கள்ல நிறைய பேர் எடை அதிகமானவங்க, ஏற்கனவே ரிஸ்க்ல இருந்தவங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, ப்ரீஎக்லாம்ப்சியா வந்தா டாக்டருங்களே குழந்தையை சீக்கிரம் எடுக்க வேண்டி வரும், அதுவும் குறைப்பிரசவம்தான். குறைப்பிரசவத்தைத் தடுக்க வாங்கின மாத்திரை அந்தப் பக்கமா சுத்தி அதே இடத்துக்குக் கொண்டு வந்து விட்டா என்ன பண்றது. அதனால எடை அதிகம், ஏற்கனவே பிபி, போன பிரசவத்துல பிபி ஏறினது, சர்க்கரை, ரெட்டைக் குழந்தை, இதுல ஏதாவது உங்களுக்கு இருந்தா டாக்டர் தெளிவா ஒரு காரணம் சொல்லாம புரோபயாட்டிக் கேப்சூலை ஆரம்பிக்காதீங்க. நம்ம ஊர்ல கர்ப்பகால சர்க்கரை ரொம்ப சகஜம், 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரத்துல ரத்தம் எடுத்து 140 தாண்டுதான்னு பாக்கறாங்கல்ல, அந்த டெஸ்ட்ல தாண்டினவங்க எல்லாரும் இந்த லிஸ்ட்ல வந்துடுவீங்க.

இதைத் தவிர, உடம்புல எதிர்ப்பு சக்தியைக் குறைக்கற மருந்து எடுக்கறவங்க, இதய வால்வு பிரச்சனை உள்ளவங்க, கழுத்து வழியா பெரிய ரத்தக் குழாய்ல ட்யூப் போட்டு ஆஸ்பத்திரியில இருக்கறவங்க, இவங்கெல்லாம் தொடவே வேணாம். அபூர்வமாத்தான் ஆனாலும் அந்த உயிருள்ள பாக்டீரியாவோ ஈஸ்டோ ரத்தத்துல கலந்துடற ஆபத்து இருக்கு. மத்தபடி ஆரோக்கியமா இருக்கற கர்ப்பிணிக்கு வரக்கூடியது வயிறு உப்புசம், காத்துப் பிரியறது, மலம் கொஞ்சம் இளகறது, வெள்ளைப்படுதல் கொஞ்சம் கூடறது, அவ்வளவுதான்.

டாக்டர் எழுதிட்டாங்க, வாங்கணும், எதைப் பாக்கறது

பொதுவா எழுதறது ஆன்டிபயாடிக் கூட வயித்தால போகாம இருக்க, இல்ல வயித்தால போறப்ப, இல்ல மலச்சிக்கலுக்கு. அதுக்கு குறைஞ்ச நாள் எடுக்கறதுல தப்பில்ல. கேக்க வேண்டிய கேள்வி ரெண்டே ரெண்டு: எதுக்காக, எத்தனை நாளைக்கு. "சும்மா எடுத்துக்கங்க, நல்லது"ன்னு மட்டும் பதில் வந்தா இன்னொரு தடவை கேளுங்க.

கடையில கொடுக்கறதுல மூணு வகை உண்டு, எல்லாத்தையும் ஒரே பேர்ல புரோபயாட்டிக்னு சொல்லிடறாங்க, ஆனா மூணும் வேற வேற. ஒண்ணு லாக்டோபாசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் வகை, இதுங்க வெயிலுக்கு சாகும். ரெண்டாவது பாசிலஸ் கிளாசி, பாசிலஸ் கோயகுலன்ஸ் மாதிரி ஸ்போர் வகை (கெட்டியான ஓட்டுக்குள்ள தூங்கற நிலையில இருக்கற பாக்டீரியா), சின்ன பாட்டில்ல தண்ணி மாதிரி வரதும் சில மாத்திரையும் இது, சூட்டைத் தாங்கும். இதுல ஒரு வேடிக்கை, பாசிலஸ் கோயகுலன்ஸை பல வருஷமா லாக்டோபாசிலஸ் ஸ்போரோஜீன்ஸ்னு பேர் போட்டு விக்கறாங்க, பேர்ல லாக்டோபாசிலஸ் இருக்குன்னு அது பெண்ணுறுப்புல இருக்கற லாக்டோபாசிலஸோட சொந்தக்காரன்னு நெனச்சுடாதீங்க. மூணாவது சாக்கரோமைசிஸ் பௌலார்டி, இது பாக்டீரியாவே இல்ல, ஈஸ்ட், ஆன்டிபயாடிக் இதை ஒண்ணும் பண்ணாது, ஆனா பூஞ்சைக்கு மருந்து சாப்பிட்டா செத்துடும்.

லேபிள்ல பாக்டீரியா பேர் முழுசா இருக்கணும், கடைசியில ஒரு எண்ணோ எழுத்தோ சேந்து வரும், அதுதான் ஸ்ட்ரெய்ன். வெறும் "லாக்டோபாசிலஸ்"னு போட்டிருந்தா எந்த ஆய்வோட ரிசல்ட்டையும் அந்த டப்பாவுக்கு ஒட்ட வைக்க முடியாது, ஏன்னா ஒரு ஸ்ட்ரெய்ன் பண்ற வேலையை அடுத்தது பண்ணாது. அடுத்து எத்தனை உயிருள்ள பாக்டீரியான்னு பில்லியன்ல போட்டிருப்பாங்க, 1 பில்லியன்னா 100 கோடி. நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி ஒரு நாள் அளவுல குறைஞ்சது 10 கோடி இருக்கணும். அந்த எண்ணிக்கை தயாரிச்ச அன்னிக்கு இருந்ததா, எக்ஸ்பயரி வரைக்கும் இருக்கும்னு சொல்றாங்களான்னு பாருங்க, ரெண்டாவதுதான் உருப்படி. 20 பில்லியன் 50 பில்லியன்னு பெரிய நம்பர் பாத்து மயங்காதீங்க, கூட இருந்தா கூட நல்லதுன்னு ஒண்ணும் இல்ல.

லேபிள்ல ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு போட்டிருந்தா கடையிலயே அது ஃப்ரிட்ஜ்ல இருந்துதான்னு பாத்து வாங்குங்க. மே மாச வெயில்ல ஷெல்ஃப்ல கெடந்த டப்பா, இல்ல ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி ரெண்டு நாள் வேன்ல சுத்தின பார்சல், அதுல உயிரோட எத்தனை மிஞ்சியிருக்கும்னு கடவுளுக்குத்தான் தெரியும். சாச்செட்டை சூடான பால்லயோ டீயிலயோ கலக்காதீங்க. பாக்டீரியா வகையா இருந்தா ஆன்டிபயாடிக் போட்டு குறைஞ்சது ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுங்க. பெண்ணுறுப்புல வைக்கற புரோபயாட்டிக் மாத்திரையும் விக்கறாங்க, கர்ப்பமா இருக்கறப்ப அதை சொந்தமா வாங்கி வைக்கவே வேணாம், ரத்தம் பட்டாலோ தண்ணி கசிஞ்சாலோ சத்தியமா வேணாம்.

யாகுல்ட் பத்தி எல்லாரும் கேப்பாங்க. 65 மில்லி பாட்டில்ல 650 கோடி பாக்டீரியா, ஷிரோட்டாங்கற ஸ்ட்ரெய்ன், பேரு எண்ணிக்கை எல்லாம் தெளிவா போட்டிருப்பாங்க, அந்த வகையில நேர்மை. ஆனா சர்க்கரை சேத்ததுதான், கர்ப்பகால சர்க்கரை உள்ளவங்க கணக்குல வச்சுக்கங்க. புடிச்சா குடிங்க, குறைப்பிரசவத்துக்கு மருந்துன்னு குடிக்காதீங்க.

நம்ம வீட்டுத் தயிர்

வீட்ல உறை ஊத்தின தயிர்ல உயிருள்ள பாக்டீரியா இருக்கு, ஆனா எந்த ஸ்ட்ரெய்ன், எத்தனைன்னு யாருக்கும் தெரியாது, அதனால கறாரா பாத்தா அதை புரோபயாட்டிக்னு சொல்ல மாட்டாங்க. அதுக்காக மதிப்பு குறைஞ்சிடாது, கால்சியம், புரோட்டீன், பால் குடிச்சா குமட்டறவங்களுக்கும் உள்ள போகும், விலையும் கம்மி. பாலை நல்லா பொங்க விட்டு காய்ச்சி, விரல் வச்சா இதமா இருக்கற சூட்டுக்கு ஆறினதும் சுத்தமான ஸ்பூன்ல உறைமோர் விட்டு, உறைஞ்சதும் ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. காய்ச்சாத பச்சைப் பால்லயும் அதுல பண்ணின தயிர், பனீர், சீஸ்லயும் லிஸ்டீரியான்னு ஒரு கிருமி இருக்கலாம், பெரியவங்களுக்கு சாதாரண காய்ச்சலோட போயிடும் ஆனா வயித்துல இருக்கற குழந்தைக்கு போய் கருச்சிதைவு, குறைப்பிரசவம் வரைக்கும் கொண்டு போகும். மாட்டுக்காரர் வீட்ல இருந்து நேரா வந்த பால்னு பெருமையா அப்படியே குடிக்கறது இந்த பத்து மாசம் வேணாம்.

தயிர் சாதத்துக்கு சோறு கொதிக்கக் கொதிக்க இருக்கறப்ப தயிர் ஊத்தினா பாக்டீரியா காலி, வெதுவெதுப்புக்கு ஆற விட்டு பிசைங்க. மோர்க்குழம்புல இருக்கறது செத்த பாக்டீரியாதான், இட்லி தோசையும் அப்படித்தான், மாவு புளிக்கறப்ப கோடிக்கணக்குல இருந்தது ஆவியில போயிடும், சாப்பாடா நல்லது, புரோபயாட்டிக்கா எண்ண வேணாம். பழைய சோறு பிடிக்கும்னா சாப்பிடலாம், ஆனா சோத்தை ஆறினதும் நல்ல தண்ணி ஊத்தி மூடி வச்சு மறுநாள் காலையில முடிச்சிடுங்க, மத்தியானம் வரைக்கும் இழுக்காதீங்க, வாடை மாறினா கொட்டிடுங்க. கொம்புச்சா வேணாம், அதுல கொஞ்சம் ஆல்கஹாலும் காஃபீனும் இருக்கு, வீட்ல பண்ணினதுல சுத்தம் சந்தேகம். ஊறுகாய் புளிச்சதுதானேன்னு தட்டு நிறைய எடுக்காதீங்க, பிபி இருக்கறவங்களுக்கு உப்பு.

ஒரு சின்ன விஷயம், இரும்பு மாத்திரையை தயிர் சாதத்தோட முழுங்கிடறாங்க நிறைய பேர், கால்சியம் இரும்பை உள்ள போக விடாது. ரெண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, முடிஞ்சா எலுமிச்சை ஜூஸோட போடுங்க. தயிர் குளிர்ச்சி, குழந்தைக்கு சளி பிடிக்கும்னு மாமியார் தடுத்தா, அப்படி ஒண்ணும் ஆகாதுன்னு செக்கப்புக்கு கூட்டிட்டுப் போய் டாக்டர் வாயால சொல்ல வச்சிடுங்க, நீங்க சொன்னா எடுபடாது.

நெஜமாவே குறைக்கறது எது

இதுக்குத்தான் நேரமும் காசும் போகணும்னு சொல்றேன். அஞ்சாம் மாச ஸ்கேன் எடுக்கறப்ப கர்ப்பப்பை வாய் நீளம் எவ்வளவுன்னு கேளுங்க. 24 வாரத்துக்கு முன்னாடி அது 25 மில்லிமீட்டருக்கு கம்மியா இருந்தா சீக்கிரம் பிரசவமாகற சான்ஸ் கூடும், அதுக்கு பெண்ணுறுப்புல வைக்கற புரோஜெஸ்டிரான்ங்கற ஹார்மோன் மருந்து இருக்கு, சில பேருக்கு கர்ப்பப்பை வாய்ல தையல் போடுவாங்க, இது ரெண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கு. சரியா அளக்கறது உள்ள வச்சு பாக்கற ஸ்கேன்லதான், வயித்து மேல வச்சுப் பாக்கறது தோராயம், கூச்சப்பட்டு வேணாம்னு சொல்லிடாதீங்க. ஏற்கனவே ஒரு குறைப்பிரசவமோ அஞ்சாறு மாசத்துல கரு கலைஞ்சதோ இருந்தா முதல் செக்கப்லயே சொல்லிடுங்க, வேற ஆஸ்பத்திரியில நடந்ததுன்னு விட்டுடாதீங்க, அடுத்த பிரசவத்தோட ரிஸ்க்ல அதை விடப் பெரிய தகவல் இல்ல.

முதல் பிரசவமா, பிபி ரிஸ்க் இருக்கா, குறைஞ்ச டோஸ் ஆஸ்பிரின் எனக்கு வேணுமான்னு மூணாம் மாசத்துக்குள்ளயே கேளுங்க. ஆறு நாட்டுல கிட்டத்தட்ட 12,000 முதல் பிரசவப் பெண்களை வச்சு ஒரு ட்ரையல் நடந்துச்சு, அதுல நம்ம பெலகாவியும் நாக்பூரும் உண்டு, 14 வாரத்துக்குள்ள தினம் 81 மில்லிகிராம் ஆரம்பிச்சதுல குறைப்பிரசவம் 13.1 சதவீதத்துல இருந்து 11.6 ஆச்சு, 2020ல வந்த ரிசல்ட். பெரிய வித்தியாசம் இல்லாத மாதிரி தெரியும், ஆனா புரோபயாட்டிக்கால இது கூட முடியல. சொந்தமா போடற மாத்திரை இல்ல இது, டாக்டர் சொன்னா மட்டும்.

மீன் சாப்பிடறவங்க வாரத்துக்கு ரெண்டு தடவை மத்தி, நெத்திலி, அயிலை மாதிரி சின்ன மீன் சாப்பிடுங்க, சுறாவும் பெரிய பெரிய மீனும் பாதரசம் இருக்கறதால வேணாம். ஒமேகா 3 பத்தி 70 ட்ரையலைச் சேத்து 2018ல பாத்ததுல 34 வாரத்துக்கு முன்னாடி பிரசவம் 4.6 சதவீதத்துல இருந்து 2.7க்கு இறங்கியிருந்துச்சு, அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவுல 5,500 பேருக்கு மாத்திரையா கொடுத்துப் பாத்தப்ப அந்தப் பலன் தெரியல, அதனால மாத்திரைக்கு அவசரப்படாம மீனா சாப்பிடுங்கன்னுதான் சொல்வேன்.

மத்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா செய்யறது கம்மி. நீர்க்கடுப்பு இல்லன்னாலும் ஒரு தடவை யூரின் கல்ச்சர் (யூரின்ல கிருமி இருக்கான்னு பாக்கற டெஸ்ட்), வெத்தலையோட புகையிலை போடறதை நிறுத்தறது, வீட்டு ஆம்பளைங்க சிகரெட்டை வாசலுக்கு அப்பால வச்சுக்கறது, ரத்த சோகையை சரி பண்றது, ரெண்டு குழந்தைக்கு நடுவுல இடைவெளி. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒவ்வொரு மாசமும் 9ஆம் தேதி கர்ப்பிணிங்களுக்குன்னே டாக்டர் பாக்கற இலவச முகாம் உண்டு, தனியார்ல பாக்கறவங்களும் போகலாம்.

எப்ப ஓடணும்

37 வாரத்துக்கு முன்னாடி வயிறு கல்லு மாதிரி இறுகி இறுகி விடறது, அது ஒரு ஒழுங்குல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையோ அதுக்குள்ளயோ திரும்பத் திரும்ப வரது, இடுப்புல விட்டு விட்டு வலி, கீழ அழுத்தற மாதிரி கனம், தண்ணி மாதிரி கசியறது, சளி மாதிரியோ ரத்தம் கலந்தோ படறது, இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. நம்ம வீடுகள்ல இதை சூட்டு வலின்னு சொல்லி சீரகத் தண்ணி, வெந்தயம், விளக்கெண்ணெய்னு பாதி நாளை ஓட்டிடறாங்க. சூட்டு வலியாவே இருந்தாலும் அதை டாக்டர் சொல்லட்டும். தலைவலி விடாம இருக்கறது, கண்ணு மங்கறது, நெஞ்சுக்குக் கீழ மேல் வயித்துல வலி, முகமும் கையும் திடீர்னு வீங்கறது, இது பிபி பக்கம், இதுக்கும் அதே ஓட்டம்தான்.

சீக்கிரம் போறதுல லாபம் என்னன்னா, 34 வாரத்துக்கு முன்னாடி வலி வந்துட்டா குழந்தையோட நுரையீரலுக்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவாங்க, 12 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு நாலு. இந்தியாவும் சேந்து அஞ்சு நாட்டுல 2,852 பெண்களை வச்சுப் பாத்ததுல பச்சைக் குழந்தை சாவு 23.5 சதவீதத்துல இருந்து 19.6க்கு குறைஞ்சுது. அந்த ஊசி வேலை செய்ய நேரம் வேணும், தலை தெரியறப்ப போய் நின்னா போட முடியாது. 108க்கு போன் பண்றப்பவே எத்தனை வாரம், எத்தனாவது பிரசவம், தண்ணி உடைஞ்சுதா இல்லையான்னு சொல்லிடுங்க, குறைமாசக் குழந்தையைப் பாக்கற ஐசியு உள்ள ஆஸ்பத்திரிக்கே நேரா கொண்டு போகச் சொல்லுங்க. ஸ்கேன் ரிப்போர்ட்டு, தாய் சேய் அட்டை, சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் ஒரே பையில போட்டு ஏழாம் மாசத்துலயே கதவுக்குப் பின்னாடி மாட்டி வச்சிடுங்க, புரோபயாட்டிக் எடுக்கறீங்கன்னா அந்த டப்பாவையும் சேத்து.